இரண்டாவது புலி

2023 மார்ச் மாதம், மலேசியாவின் ஈப்போ நகரில் பிறந்த மிஷெல் யோவுக்குச் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருது கிடைத்தது. ஆசியப் பெண் ஒருவர் அந்த விருதைப் பெறுவது அதுவே முதற்தடவை எனப் பத்திரிகைகள் எழுதின. அந்தச் செய்தி எங்கள் கிராமத்துக்கும் வந்து சேர்ந்தது. கடற்கரைத் தேநீர்க் கடையிலே, "அந்தச் சீனாக்காரிதானே, வாள் சண்டைப் படத்துல வந்தவ" என்று அடையாளம் கண்டவர்கள் இருந்தார்கள். அவர் மலேசியாக்காரி என்று திருத்தியபோது, "அப்ப நம்மட பக்கத்து ஊர்தான்" என்றார் ஒருவர்.

அவர் குறிப்பிட்ட வாள் சண்டைப் படம், ஆங் லீ இயக்கி 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்'. பதுங்கும் புலியும் மறைந்திருக்கும் டிராகனும் என்று பொருள் கொள்ளலாம். சுமார் 17 மில்லியன் டொலர் செலவில் எடுக்கப்பட்ட அந்தச் சீன மொழிப் படம் அமெரிக்காவில் மட்டும் 128 மில்லியன் டொலர் வசூலித்தது. நான்கு ஒஸ்கார் விருதுகளையும் பெற்றது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2016 பெப்ரவரியில், அதன் தொடர்ச்சி 'ஸோர்ட் ஒஃப் டெஸ்டினி' என்ற பெயரில் வந்தது. உலகெங்கும் பார்த்தவர்களில் பெரும்பாலானோரை அது ஏமாற்றியது. அந்த ஏமாற்றத்தைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகின்றேன். ஒரு சண்டைப் படத்தின் தோல்விக்கு இலக்கியச் சஞ்சிகையில் என்ன வேலை என்று கேட்கும் வாசகர்கள் சற்றுப் பொறுமை காக்க வேண்டும்.

அவ்வருடம் ஜூன் மாதம், சாதாரண தரப் பரீட்சை முடிந்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாட்கள் எண்ணிக்கொண்டிருந்த வேளையில், கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் மருமகன் இவ்விரு படங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் எங்கள் வீட்டு ரி.வி.யில் காட்டினான். இஷாத் தொழுகைக்குப் பின் கூட்டம் சேர்ந்தது. பரீட்சை எழுதிய என் மாணவர் நால்வர், அடுத்த வீட்டுப் பெரியவர், என் மனைவி, பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள். பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டியவர். இளமையில் ஓர் அண்ணாவியாரிடம் சிலம்படியும் சீனடியும் முறையாகப் பழகியவர். கிழக்கிலே நம்மவர்களிடமும் தமிழர்களிடமும் வழங்கிய இந்த அடிமுறைக்குப் பெயரிலேயே சீனம் இருக்கின்றது. அந்த உரிமையில், "சீனன்ட அடியப் பாப்பம்" என்று சாய்மனைக் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு அமர்ந்துகொண்டார்.

முதற் படத்தை நான் ஏற்கனவே பார்த்திருந்தேன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில், விடுதியில் வாடகைக்கு எடுத்த சீ.டி. பிளேயரில், மின்விசிறி இல்லாத அறையொன்றில். மூங்கில் மரங்களின் உச்சியில் நின்று இருவர் வாள் வீசும் காட்சி வந்தபோது பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் சிரித்தவர்களை அடக்கினார்கள். படம் முடிந்த பின்னரும் சுபஹு வரை தர்க்கம் ஓயவில்லை. எனவே 2023இல் என் வீட்டில் கூடியவர்கள் என்ன சொல்லப் போகின்றார்கள் என்பதில் எனக்குத் தனி ஆர்வம் இருந்தது.

முதல் இரவு அமைதியாகக் கழிந்தது. இரண்டாம் இரவு படம் பாதியைத் தாண்டும் முன்னரே கதை தொடங்கிவிட்டது. படத்தின் கதையல்ல, பார்த்தவர்களின் கதை.

முதலில் பேசியவன் மருமகன். அவன் இரண்டாம் படத்தின் கட்சி. "மாமா, சண்டை நல்லாத்தானே இரிக்கி. வேற என்ன வேணும்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. முதற் படத்தின் சண்டைகளை அமைத்தவர் யுவென் வூ பிங். 1999இல் வந்த 'த மேட்ரிக்ஸ்' படத்தின் சண்டைகளும் அவர் கைவண்ணமே. இரண்டாம் படத்தை இயக்கியவரே அவர்தான். அதில் டொனி யென் நடிக்கின்றார். 2008இல் வந்த 'இப் மேன்' மூலம் நம் இளைஞர்களுக்கெல்லாம் நன்கு அறிமுகமானவர். உறைந்த ஏரியொன்றின் மேல், வழுக்கும் பனிக்கட்டியில் நடக்கும் சண்டையைக் காட்டி, "இத விட என்ன செய்யோணும்?" என்றான் மருமகன். அந்தக் காட்சியை நானும் ரசித்தேன். தொடர்ச்சிப் படம் என்றாலே தோல்விதான் என்று சொல்லவும் முடியாது. 'இப் மேன்' படத்தின் இரண்டாம் பாகம் 2010இல் வந்தபோது அதையும் மக்கள் விரும்பியே பார்த்தார்கள்.

அவனுக்குப் பதில் சொன்னவர் பெரியவர். "தம்பி, அடி சரி. அடிக்கிறவன் ஆரெண்டு தெரியல்லயே" என்றார்.

எவருக்கும் உடனே விளங்கவில்லை. அவரே விளக்கினார். முதற் படத்தில், ஷூ லியென் என்ற நடுத்தர வயதுப் பெண்ணும் ஜென் என்ற இளம் பெண்ணும் மோதும் ஒரு காட்சி உண்டு. ஜென் கையில் இருப்பது எதையும் அறுக்கவல்ல 'பச்சை விதி' என்னும் வாள். ஷூ லியென் இரட்டை வாளை எடுக்கின்றாள், ஈட்டியை எடுக்கின்றாள், கொக்கி வாளை எடுக்கின்றாள். ஒவ்வொன்றாகப் பச்சை விதி வெட்டித் தள்ளுகின்றது. கடைசியில் உடைந்த வாளொன்றின் முனையை அவள் ஜென்னின் கழுத்தில் வைத்து நிறுத்துகின்றாள், வெட்டவில்லை. அவள் விட்டுக்கொடுத்த அந்தக் கணத்திலேயே ஜென் அவள் கையைக் கீறிவிடுகின்றாள். "பாருங்க, மூத்தவட பொறுமையும் இளையவட அவசரமும் அந்த அடியிலேயே தெரியிது. வாயால ஒண்டும் சொல்லத் தேவையில்ல. மூங்கில் மரத்துல அவர் அந்தப் புள்ளைக்கு அடிக்கவே இல்ல, மாஸ்டர். படிப்பிக்கிறார்."

மூங்கில் காட்டில் லீ மூ பாய் செய்வது கற்பித்தல்தான் என்று அதுவரை எவரும் எனக்குச் சொன்னதில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக வகுப்பறையில் நிற்கின்ற எனக்கு, அந்தக் காட்சி புதிதாகத் திறந்துகொண்டது. ஆடும் கிளையில் தன் பாரத்தைச் சமன் செய்துகொண்டே, ஆத்திரத்துடன் வீசும் மாணவியின் ஒவ்வொரு வீச்சையும் ஒதுக்கி, அவள் தன்னைத் தானே காணும் வரை காத்திருக்கின்றார் அவர். அவளோ அவரைக் குருவாக ஏற்க மறுக்கின்றாள். அந்த மறுப்பின் விலையை இருவருமே கொடுக்கின்றார்கள்.

இரண்டாம் படத்தில் அடிகள் வேகமானவை, எண்ணிக்கையிலும் குறைவில்லை. ஆயினும் ஒருவரின் அடியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தாலும் எதுவும் கெட்டுப்போகாது. கை அதே கைதான், ஆனால் அந்தக் கையை இந்தமுறை வேறொரு கண் நடத்தவில்லை. ஆங் லீ சண்டைப் படங்களில் வளர்ந்த இயக்குநர் அல்லர். 1994இல் 'ஈட் ட்ரிங்க் மேன் வுமன்' என்று ஒரு தகப்பனையும் மூன்று பெண் மக்களையும் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படமெடுத்தவர். மறு வருடம் ஜேன் ஒஸ்டினின் 'சென்ஸ் அன்ட் சென்சிபிலிட்டி' நாவலைப் படமாக்கியவர். வீட்டுக்குள் அடக்கப்பட்ட உணர்ச்சிகளே அவருடைய துறை. அவர் யுவென் வூ பிங்கின் வாள்களை வாங்கி, அந்த அடக்கப்பட்ட உணர்ச்சிகளின் கையில் கொடுத்தார். பெரியவருக்கு ஆங் லீயின் பெயர் தெரியாது. அவர் செய்த வேலை மட்டும் தெரிந்திருந்தது.

அடுத்த அபிப்பிராயம் என் மகளுடையது. அது மொழியைப் பற்றியது. முதற் படம் சீனத்தில், ஆங்கில உபதலைப்புகளுடன் ஓடியது. கூடியிருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு உபதலைப்பை வாசித்து முடிக்கும் வேகம் இல்லை. நானும் மகளும் இடையிடையே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தோம். இரண்டாம் படமோ ஆங்கிலத்திலேயே எடுக்கப்பட்டது. படப்பிடிப்பின் பெரும்பகுதி நியூசிலாந்தில். சீனாவில் திரையிட்டபோது சீன மொழியைப் பின்னர் சேர்த்தார்கள். எங்களைப் பொறுத்தவரை விளங்குவதற்கு இரண்டாம் படமே இலகுவாக இருந்திருக்க வேண்டும். மகள் சொன்னாள்: "வாப்பா, இவங்க கதைக்கக்குள்ள எங்கட இங்கிலிஷ் புத்தகத்துல இரிக்கிற டயலொக் மாதிரி இரிக்கி. 'ஹலோ, வெயார் ஆர் யூ கோயிங்' மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். உலகத்தின் பெரிய விமர்சகர்கள் பலரும் இதே குறையைத்தான் எழுதியிருந்தார்கள். இந்த விஷயத்தில் இன்னொரு சுவையான உண்மை உண்டு. முதற் படத்தின் சீன மொழியும் தூய்மையான சீனம் அல்ல. லீ மூ பாயாக நடித்த சௌ யுன் ஃபட் கன்டனீஸ் பேசும் ஹொங்கொங்காரர். மிஷெல் யோவுக்கு அப்போது மாண்டரின் வாசிக்கவே தெரியாது; வசனங்களை ஒலி ஒலியாக மனனம் செய்து பேசினார். சீனாவில் படம் வந்தபோது பலர் இந்த உச்சரிப்பைப் பரிகசித்தார்கள். மேற்கு நாடுகளில் கிடைத்த வரவேற்பு அங்கே கிடைக்கவில்லை. ஆனால் சரளமாகத் தெரிந்த ஆங்கிலத்தில் அதே நடிகை பேசிய இரண்டாம் படம், தடுமாறிக் கற்ற மொழியில் அவர் பேசிய முதற் படத்தின் பக்கத்தில் நிற்கவில்லை.

உச்சரிப்பைக் கொண்டு ஒருவரின் மொழியுரிமையை அளக்கும் பழக்கத்தை நாம் நன்கறிவோம். நமது பேச்சுத் தமிழைப் 'பிழைத் தமிழ்' என்றவர்களைக் கண்டவர்கள்தானே நாம். ஒரு சொல்லுக்குப் பாரம் கொடுப்பது உச்சரிப்பின் சுத்தமல்ல, அந்தச் சொல் அந்த மனிதரின் வாழ்வுக்குள்ளிருந்து வருகின்றதா என்பதே. ஷூ லியென் வாழும் உலகில் மரியாதை, கடமை, குரு, சபதம் என்பவற்றுக்கெல்லாம் சீனத்தில்தான் எடை இருக்கின்றது. அந்த எடையை எழுத்துக்கூட்டிச் சுமந்தாலும் சுமை சுமைதான். மொழியை மாற்றியபோது அந்தச் சுமை இறக்கி வைக்கப்பட்டுவிட்டது.

என் மனைவி வேறொரு பக்கத்தால் வந்தார். "முதல் படத்துல அந்தப் பொம்புள பேசாமலே இருந்து எல்லாத்தையும் சொல்லிட்டா. இதுல எல்லாத்தையும் சொல்றா, ஒண்டும் மனசுல நிக்கல்ல" என்றார். மிஷெல் யோ மட்டுமே முதற் படத்தின் முக்கிய நடிகர்களில் திரும்பி வந்தவர். அவர் முகத்தில் குறையொன்றும் இல்லை. அந்த முகத்துக்கு மௌனம் கொடுக்கப்படவில்லை என்பதே மனைவியின் முறைப்பாடு.

இனி, என்னை இதை எழுத வைத்த அபிப்பிராயத்துக்கு வருகின்றேன். அதைச் சொன்னவன் என் மாணவர்களில் ஒருவன். வகுப்பிலே பின்வரிசையில் சுவரோடு சாய்ந்திருப்பவன். தமிழ் இலக்கிய நயம் பாடத்தில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், பதில் வராது. விடைத்தாளில் வழிகாட்டிப் புத்தகத்தின் வரிகள் அட்சரம் பிசகாமல் இருக்கும்; பாதியில் மறந்துபோன இடத்தில் வாக்கியமும் நின்றுவிடும். அவன் சொன்னான்: "சேர், செத்தவர் உசிரோட வந்தா, முதல் படத்துல அவங்க ரெண்டு பேரும் சும்மாதானே அழுதிரிக்காங்க?"

அவன் சொன்னதன் பெறுமதியை உணர, கதையைச் சற்று நினைவூட்ட வேண்டும். முதற் படத்தில் லீ மூ பாயும் ஷூ லியெனும் ஒருவரையொருவர் நேசிக்கின்றார்கள். ஆனால் ஷூ லியென் முன்னர் இன்னொருவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவள். அவர் லீ மூ பாயின் சத்தியச் சகோதரர்; போரில் இறந்துவிட்டார். இறந்தவரின் நினைவுக்கு மரியாதை செய்வதற்காக இருவரும் தம் நேசத்தை ஆண்டுக்கணக்காக வெளியே சொல்வதில்லை. நஞ்சு ஊசி பட்டு உயிர் பிரியும் தறுவாயிலேயே லீ மூ பாய் அதை வாய்விட்டுச் சொல்கின்றார். படத்தின் முழுப் பாரமும் அந்த இறந்த மனிதரில் தங்கியிருக்கின்றது. திரையில் அவர் ஒருமுறை கூட வருவதில்லை.

இரண்டாம் படத்தில் டொனி யென் ஏற்றிருக்கும் பாத்திரம், அந்த இறந்த மனிதர்தான். அவர் இறக்கவில்லையாம், 'மௌன ஓநாய்' என்ற பெயரில் உயிரோடு திரும்பி வருகின்றார். வாளைக் கைப்பற்ற வரும் கொடியவனை எதிர்க்கத் துணை நிற்கின்றார்.

மருமகன் விடவில்லை. "படம்தானே தம்பி, ஆள் தப்பிச்சிட்டார் எண்டு வெச்சா என்ன?" என்றான். அந்த மாணவன் சற்று யோசித்துவிட்டு, "தப்பிச்சது பிரச்சினையில்ல காக்கா. அவருக்காகத்தான் அவங்க ஒண்டும் கதைக்காம இருந்தாங்க. இவர் எங்கயோ இருந்திரிக்கார். இத அந்தப் பொம்புள ஒரு தடவ நல்லாக் கோவிச்சுக் கேட்டிரிக்கோணும். கேட்டிருந்தா இது வேற படம்" என்றான்.

நான் வாயடைத்துப் போனேன் என்று எழுதினால் அது மிகையல்ல. தொடர்ச்சிப் படைப்பு எங்கே தவறுகின்றது, எங்கே தப்பியிருக்கலாம் என்ற இரண்டையும் மூன்று நான்கு வாக்கியங்களில் அவன் சொல்லிவிட்டான். இறந்தவரை எழுப்புவது குற்றமல்ல. எழுப்பினால் அதன் கணக்கைத் தீர்க்க வேண்டும். வீணாகிப்போன வாழ்வுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி ஷூ லியெனின் வாயிலிருந்து வந்திருந்தால், இரண்டாம் படம் முதற் படத்தை விடக் கசப்பான, ஒருவேளை அதை விட ஆழமான படமாகக் கூட ஆகியிருக்கும். படமெடுத்தவர்கள் அந்தக் கதவைத் திறந்தார்கள். உள்ளே போகாமல் சண்டைக்குத் திரும்பிவிட்டார்கள்.

தொடர்ச்சி எடுத்ததே பேராசை என்று சிலர் சொல்வதையும் கேட்டிருக்கின்றேன். அது முழுச் சரியல்ல. முதற் படத்துக்கு மூலமான நாவலை எழுதிய வாங் டூ லூ, ஒன்றோடொன்று தொடர்புடைய ஐந்து நாவல்களை எழுதியவர். அவற்றுள் நான்காவதே ஆங் லீயின் படத்துக்கு அடிப்படை. ஐந்தாவதிலிருந்து இரண்டாம் படத்தின் கதைக்கான பொருளை எடுத்தார்கள். ஆகவே கதை தொடர்ந்ததில் பிழையில்லை. ஆனால் ஆங் லீ தன் படத்தை ஒரு கேள்வியோடு முடித்திருந்தார். மலையுச்சிப் பாலத்திலிருந்து ஜென் மேகங்களுக்குள் பாய்கின்றாள். அவள் இறந்தாளா, மன்னிப்புக் கேட்டாளா, விடுதலை பெற்றாளா? கலாசாலை விடுதியில் நாங்கள் சுபஹு வரை தர்க்கித்தது இதைப் பற்றித்தான். அப்படிப்பட்ட முடிவு பார்த்தவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இருபது வருடம் அதை அவன் தன் மனத்தில் பாதுகாத்து வைத்திருக்கின்றான். தொடர்ச்சி எழுதுபவர் அந்த அமானிதத்தைத் திருப்பிக் கேட்கின்றார். கேட்பவர் அதை விடப் பெரிதாக ஒன்றைக் கையில் கொண்டு வர வேண்டும். இரண்டாம் படத்தில் ஏமாந்தவர்கள், "முதற் படம் போல் இல்லை" என்று சொல்வதன் பொருள் இதுவே என நான் கருதுகின்றேன். அதே படத்தை மீண்டும் எவரும் கேட்கவில்லை. தம்மிடம் இருந்ததை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஏதும் தரவில்லை என்பதே அவர்களின் முறைப்பாடு.

நம் இலக்கிய வட்டத்தில் இப்படிப் பேசுகின்றோமா என்று எண்ணிப் பார்க்கின்றேன். வெளியீட்டு விழாக்களில் நூல் ஆய்வுரை என்ற பெயரில் நாம் கேட்பவை பெரும்பாலும் நூலாசிரியரின் பரம்பரைச் சிறப்பும், அவரது சமூகப் பணிகளும், நேரமின்மை பற்றிய வருத்தமும்தான். சிறிய ஊர், சிறிய சமூகம். நாளைக்கு ஒரு கல்யாண வீட்டில் முகம் பார்க்க வேண்டும். ஒருவரின் இரண்டாவது தொகுப்பு முதலாவதை விடத் தளர்ந்திருந்தால் அதை அவரிடம் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. அவரும் மூன்றாவதை அதே தளர்ச்சியோடு கொண்டு வருகின்றார். ஹொங்கொங்காரருக்கும் அமெரிக்கருக்கும் தயங்காமல் நியாயம் சொன்ன அந்தச் சாய்மனைக் கதிரையை, நமது மேடைகளுக்கும் ஒருநாள் தூக்கிக்கொண்டு போக வேண்டும் போல இருக்கின்றது.

ஆனால் எனக்கு அதை விடக் கிட்டிய வேலை வகுப்பறையில் இருக்கின்றது. அன்றிரவு எல்லோரும் கலைந்து போகும்போது, அந்த மாணவன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். "சேர், இப்படி எழுதினா மார்க்ஸ் போடுவாங்களா?"

விடைத்தாளில் அவனால் எழுத முடியாதிருந்தது அறிவின்மையால் அல்ல என்பதை அந்தக் கேள்வி எனக்குச் சொன்னது. நயம் என்பது தான் கண்டதைச் சொல்வது என்று அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறர் கண்டதை மனனம் செய்வது என்றே அவன் அதை அறிந்திருந்தான். "போடுவாங்க. காரணமும் சேர்த்து எழுதினா கட்டாயம் போடுவாங்க" என்றேன். அப்போது அவன் பரீட்சை எழுதி முடித்திருந்தான்.

அவன் உயர்தரத்துக்கு வரவில்லை. பட்டணத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கின்றான். நான் இப்போது மாதத்தில் ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்கியிருக்கின்றேன். பாடப் புத்தகத்திலுள்ள கவிதையோ கதையோ, பார்த்த படமோ, எதுவானாலும் சரி. பிடித்ததா இல்லையா என்று ஒரு வரி. 'ஏனென்றால்' என்று தொடங்கி மூன்று வரி. வழிகாட்டிப் புத்தகம் மேசைக்குள் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் 'ஏனென்றால்' என்ற சொல்லோடு வெறுந்தாள்கள் பல வந்தன. போன மாதம் ஒரு பெண் பிள்ளை, பாடத்திலுள்ள ஒரு சிறுகதையைப் பற்றி இப்படி எழுதியிருந்தாள்: "எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் உம்மா கடைசியில் மன்னித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அவ மன்னித்ததை நான் காணவில்லை."

அந்தத் தாளின் ஓரத்தில் சரி என்று அடையாளமிட்டு, அதை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.